இரண்டு பொட்டும் தேன்கூட்டுத் தாளும்

அப்பத்தாவின் பழைய புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினியில் சீர்செய்து வருகிறேன். தாளில் தேன்கூடுபோல் அழுத்தப்பட்டிருந்த குழிகளால் படத்தை மூடியிருந்த புள்ளிகள் ஐந்தாவது முயற்சியில் ஒருவழியாக மறைந்தன. அந்த மகிழ்ச்சியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவர் கட்டியிருந்த கண்டாங்கிச் சேலைக் கரையின் நுண்கோடுகளும் கூடவே மறைந்திருந்தன. ஆகவே இதை வெற்றிக் கணக்கில் எழுதுவதா, தோல்விக் கணக்கில் எழுதுவதா என்று தெரியாமலேயே தொடங்குகிறேன்.

படம் கேபினட் அளவு, 1960களின் இறுதியில் காரைக்குடிப் பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை. அப்பத்தா சுமங்கலியாகப் போனவர் என்பதால், வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியின் மேல் அவருடைய நெற்றிக்கு நேராகக் குங்குமம் வைப்பது வீட்டு வழக்கம். கண்ணாடியில் மயிரிழை விரிசல் விழுந்த பிறகும் வழக்கம் நிற்காததால், ஈரக் குங்குமம் விரிசல் வழியாக இறங்கித் தாளில் ஊறிவிட்டது. சட்டத்திலிருந்து கழற்றியபோது நெற்றியில் இரண்டு பொட்டுகள் இருந்தன: ஒன்று அன்றைக்கு அவர் வைத்துக்கொண்டு வந்தது, மற்றொன்று பிற்பாடு நாங்கள் வைத்தது, அதற்குக் கால் அங்குலம் வலப்புறமாக.

இந்தக் கறையை நீக்கத் தூரிகையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. படம் கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யாமல், 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) 48 பிட் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சிவப்பு ஒளியின் அளவை மட்டும் காட்டும் சிவப்புச் சேனலைப் பிரித்தெடுத்தேன். சிவப்புக் கறை அந்தச் சேனலில் வெளுத்துப்போய் சுற்றியுள்ள தோலோடு கலந்துவிட, வெள்ளித் துகள்களால் ஆன அசல் பொட்டு மட்டும் கறுப்பாக நின்றது. பழுப்பேறிய ஓரங்களும் பாதிக்குமேல் அதிலேயே சரியாயின. நீலச் சேனலைத் திறந்து பார்த்தபோது இரண்டு பொட்டுகளும் ஒரே கறுப்பில் அருகருகே தெரிந்தன. அதிலிருந்து தொடங்கியிருந்தால் எது அவருடையது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

தொல்லை கொடுத்தது தாள்தான். ஸ்கேனரின் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து விழுவதால், தாளில் அழுத்தப்பட்ட ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் மினுக்கமும் மறுபக்கம் நிழலும் சேர்ந்துவிடுகின்றன. இதற்காகப் படத்தை ஒரு முறை நேராகவும், மறுமுறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்து, இரண்டையும் படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் ஹகின் மென்பொருளில் பொருத்திச் சராசரி எடுத்தேன். மினுக்கமும் நிழலும் ஒன்றையொன்று தின்று, தேன்கூட்டுக் கோலம் பாதியாகக் குறைந்தது. ஸ்கேனரின் மோட்டார் எல்லா இடத்திலும் ஒரே சீராக நகர்வதில்லை என்பதால், முகத்தில் பொருத்தினால் காலடியில் இரண்டு பிக்சல் விலகுகிறது, காலடியில் பொருத்தினால் முகம் மங்குகிறது. முகமே முக்கியம் என்று முடிவுசெய்ய ஒரு மாலை முழுதும் ஆனது.

மீதியை ஃபூரியர் வடிகட்டியில்தான் எடுக்க வேண்டியிருந்தது; ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கோலத்தைத் தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் முறை அது. ஓரங்களைக் கூட்டிப் படத்தை 4096 பிக்சல் சதுரமாக்கி ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் இந்த வடிகட்டியோடு திறந்தால், மையத்திலிருந்து ஏறக்குறைய 290 பிக்சல் தொலைவில் ஆறு வெண்புள்ளிகள் அறுகோணமாகத் தெரிய வேண்டும். குழி வரிசைகளுக்கு இடையே 14 பிக்சல் என்று அளந்து வைத்திருந்ததால் அந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். ஆனால் முதல் முறை அங்கே புள்ளிகளுக்குப் பதிலாகப் புகைபோல் பரவிய மங்கல்தான் இருந்தது. காரணம் நானேதான். அதற்கு முந்தைய நான்கு மாலைகளில் கீறல்களையும் பூஞ்சைப் பொட்டுகளையும், பக்கத்து இடத்தைப் பிரதியெடுத்து நிரப்பும் ஹீலிங் தூரிகையால் பொறுமையாக அடைத்திருந்தேன். ஒவ்வொரு அடைப்பும் கோலத்தின் ஒழுங்கைக் குலைத்துவிட்டது. ஒழுங்கு குலைந்தால் வடிகட்டிக்குப் பிடி கிடைக்காது. நான்கு மாலை உழைப்பையும் தூக்கிப்போட்டுவிட்டு, சராசரி எடுத்த கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஆறு புள்ளிகளும் ஊசி குத்தியதுபோல் வந்தன. நடுப்புள்ளியைத் தொடாமல், ஓரம் மழுங்கிய கறுப்புத் தூரிகையால் ஆறையும், அவற்றுக்கு அப்பாலுள்ள இரட்டிப்புப் புள்ளிகளையும் மூடி, மறுபடி படமாக மாற்றியதும் முகம் துலங்கியது. தூரிகையின் ஓரம் கூர்மையாக இருந்தால் மூக்குத்தியைச் சுற்றி அலையலையாக வளையங்கள் எழுகின்றன என்பதைக் கண்டுகொள்ளவே இரண்டு முயற்சிகள் செலவாயின.

சேலைக் கரை போனதும் இதே கணக்கில்தான். கரைக் கோடுகளின் இடைவெளியும் கிட்டத்தட்ட 14 பிக்சலாக அமைந்துவிட்டதால், அவை தேன்கூட்டின் புள்ளிகளோடு ஒரே இடத்தில் விழுந்து, அவற்றோடு சேர்ந்தே அழிந்தன. இப்போதைக்கு முகத்துக்கும் பின்திரைக்கும் வடிகட்டிய அடுக்கை வைத்து, சேலையில் மட்டும் அதை மறைத்து (மாஸ்க் போட்டு) வடிகட்டாத அடுக்கைத் தெரியவிட்டிருக்கிறேன். தோளில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோலம் திடீரென்று தொடங்குவது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

செயற்கை நுண்ணறிவில் ஒரே சொடுக்கில் முகத்தைத் துலக்கும் நிரல் ஒன்றையும் நடுவில் முயன்றேன். இமை மயிர்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி வந்தன. அத்தையிடம் காட்டியதும், "யாருப்பா இது? அம்மாவுக்கு இடது புருவத்துல தழும்பு இருக்குமே, அது எங்க?" என்று கேட்டுவிட்டார். ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய நிரலுக்குத் தழும்பும் கீறலும் ஒன்றுதான். அந்தக் கோப்பை அப்போதே அழித்தேன்; தழும்பு அசலில் நான்கே பிக்சல் அகலம்தான், ஆனால் இருக்கிறது.

ஸ்கேனர் சென்னை ரிச்சி தெருவில் பழையதாக வாங்கியது. "கண்ணாடி புத்தம் புதுசு சார்" என்று சொல்லித் தந்த கடைக்காரர், உட்புறத் தூசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. திருகுகளைக் கழற்றித் துடைத்த பிறகே ஸ்கேன்களில் நீளவாக்கில் ஓடிய கோடு நின்றது. அச்சுக்குப் பருத்தித் தாள்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். பளபளப்புத் தாளில் போட்டால் இத்தனை பாடுபட்டுப் போக்கிய மினுக்கம் வேறு வடிவில் திரும்பிவரும். அடுத்ததாகப் பெரியப்பா வீட்டுப் பரணிலுள்ள கண்ணாடி நெகடிவ்களைக் கேட்டிருக்கிறேன்.

அதற்கு முன் இந்தப் படத்தின் கீழ் இடது மூலையைச் சரிசெய்ய வேண்டும்; அதை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது. அங்கே ஓவியத் திரையின் தூணும் பூந்தொட்டியின் பாதியும் இருந்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மின்னுருவாக்கிய தமிழக ஸ்டுடியோப் படங்களில் இதையொத்த திரைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். தூண் வரைவது எளிது. தொட்டியில் குரோட்டன்ஸ் இருந்ததா, காகிதப்பூ இருந்ததா என்று அத்தையும் பெரியப்பாவும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.