டென்னிஸ் அகாடமியில் நான் பட்ட பாடு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈப்போவில் ஒரு டென்னிஸ் அகாடமிக்குப் போய்வந்து, பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும்வரை ஆடியவள் நான். இப்போது ஆடுவதில்லை, தோள்பட்டை விடவில்லை. ஆனாலும் ஊரில் யாராவது ஒரு அக்கா, "என் மகளைச் சேர்க்கலாமாம்மா, கோச்சு ரொம்பக் கண்டிப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கோச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம். நான் அழுததெல்லாம் கோர்ட்டுக்கு வெளியேதான். அதைச் சொல்லத்தான் இது.

முதலில் கோர்ட்டுக்குள் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கிளப் ஒன்று இருந்தது. பின்னால் ஒரு சிமெண்டு கோர்ட், பாதி வெடித்துப்போய்க் கிடக்கும். நான் பழகியது அங்கேதான். வலை எங்கே தொங்குகிறதோ அதுதான் உயரம். அகாடமியில் நடுவில் சரியாக 3 அடி, கம்பத்தருகே 3½ அடி. முதல் வாரம் நான் அடித்ததெல்லாம் வலையில். "குறுக்கே அடிம்மா. நடுவுலதான் வலை தாழ்வு, மூலைக்கு மூலை தூரமும் ஜாஸ்தி" என்று கோச் சொன்ன பிறகுதான் பந்து அந்தப் பக்கம் போகவே தொடங்கியது.

சர்வுக்கு அவர் செய்ததை இன்னும் மறக்கவில்லை. கோட்டுக்குச் சற்று உள்ளே தரையில் ராக்கெட்டைப் படுக்க வைப்பார். நான் பந்தைத் தூக்கிப் போட வேண்டும், ஆனால் அடிக்கக் கூடாது. விழுகிற பந்து ராக்கெட்டின் முகத்தில் விழ வேண்டும். ஒரு கூடைப் பந்து தீரும்வரை இதே வேலை. அப்புறம் 'ஸ்பைடர்' என்று ஒன்று. கோர்ட்டுக் கோடுகளின் மூலைகளில் வைத்த ஐந்து பந்துகளை ஒவ்வொன்றாக ஓடி எடுத்து நடுக்குறிக்குக் கொண்டுவர வேண்டும். கால் வலியைப் பற்றி வேறு என்ன சொல்ல. பயிற்சி அவ்வளவுதான், நன்றாகவே இருந்தது.

இனி வெளியே.

பள்ளிக்கூடப் போட்டி ஒரு வழி, அகாடமி அனுப்பும் போட்டி இன்னொரு வழி. எம்.எஸ்.எஸ்.எம். என்னும் மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றப் போட்டி என்றால் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போக வேண்டும், 12, 15, 18 வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள். எங்கள் கோலகங்சார் மாவட்டத்தில் டென்னிஸ் ஆடும் பெண்பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் மாநிலம்வரை எனக்குச் சிரமமே இல்லை. சிரமம் அகாடமிப் போட்டிகளில்தான். அவை பள்ளி நாட்களில் வரும், அதற்குப் பள்ளியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வேண்டும். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிராணியம்மா அகாடமி கொடுத்த கடிதத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "எஸோக் டாத்தாங் லாகி" (நாளைக்கு மறுபடி வா) என்பார். மறுநாள் போனால் தலைமையாசிரியர் கூட்டத்தில் இருப்பார். அதற்கு மறுநாள் போனால் கடிதத்தில் தேதி இல்லை என்பார். அதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? அப்பா ஆயில் மில்லில் ஷிப்ட் முடித்து, எண்ணெய்ச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் ஈப்போ போய், தேதி போட்ட கடிதம் வாங்கி வந்தார். ஆகவே அக்கா, கடிதத்தில் போட்டியின் பெயர், இடம், தொடங்கும் நாள், முடியும் நாள், முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அகாடமி வாசலிலேயே பார்த்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுங்கள். கொடுத்த நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கையெழுத்தும் வாங்குங்கள். நான் அப்படிக் கேட்கத் தொடங்கியதும் விடுவிப்புக் கடிதம் மறுநாளே வந்தது.

அடுத்தது பெயர். அனைத்துலக ஜூனியர் போட்டி ஆட 13 வயது ஆகியிருக்க வேண்டும், ஐ.பி.ஐ.என். என்னும் அனைத்துலக ஆட்டக்காரர் அடையாள எண்ணும் வேண்டும். அதை அகாடமி அலுவலகத்துத் தம்பி ஒருவர் இணையத்தில் பதிந்து கொடுத்தார். நம் பெயர்களில்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. கடப்பிதழில் என் பெயர், பிறகு 'ஏ/பி' (மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம்), பிறகு அப்பா பெயர். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் எதைப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. 'ஏபி' என்று தட்டிவிட்டுப் போய்விட்டார்.

கோலாலம்பூரில் முதல் போட்டி. அனைத்துலக ஜூனியர் போட்டிகளில் கடைசிப் படி, அப்போது அதைக் கிரேடு 5 என்பார்கள், 2023லிருந்து ஜே30 ஆகிவிட்டது. முந்தைய நாள் மாலை நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மேசையில் இருந்தவர் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு "உங்கள் பெயர் இல்லை" என்றார். அப்பா பெயரைச் சொன்னோம், இல்லை. என் பெயரைச் சொன்னோம், இல்லை. "பதியாமல் வந்துவிட்டு இங்கே நின்றால் எப்படி, பின்னால் ஆள் இருக்கிறார்கள்" என்று வேறு சொன்னார். கையெழுத்து நேரம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, வரிசையில் பின்னால் நின்ற பினாங்குப் பையனின் அம்மா, "ஏ எழுத்துல பாருங்க, என் பையனையும் ஒரு தடவை அங்கதான் போட்டிருந்தாங்க" என்றார். பார்த்தால் பட்டியலின் உச்சியிலேயே இருக்கிறேன், குடும்பப் பெயர் ஏபி! இதற்கெல்லாம் மேசையில் இருப்பவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். போட்டியின் தலைமை அதிகாரியான ரெஃப்ரி எங்கே என்று கேளுங்கள், முடிவு அவர் கையில்தான்.

ஸ்ட்ரிங் (ராக்கெட் நரம்பு) கதையையும் சொல்லியாக வேண்டும். 2008இல் லீ சொங் வெய் பெய்ஜிங் ஒலிம்பிக் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கிய பிறகு எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை கையைப் பார்த்தாலும் பேட்மிண்டன் ராக்கெட்தான். கடையும் அதற்குத்தான். ஒரு போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் என் ஸ்ட்ரிங் அறுந்துபோனது. இன்னொரு ராக்கெட்டை அகாடமியில் ஸ்ட்ரிங் மாற்றக் கொடுத்திருந்தேன். "நாளைக்கு ரெடி" என்று சொன்னவர் அதைத் தொடவே இல்லை. ஈப்போவில் கடை மூடியாயிற்று. ஊர் பேட்மிண்டன் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) ஓடினோம். அவர் என் ராக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, "தக் போலே லா, இனி பெசார்" (முடியாது, இது பெரிசு) என்று சிரித்தார். அவருடைய இயந்திரம் பேட்மிண்டனுக்கு 24, 26 பவுண்டு இழுத்துப் பழகியது. எனக்கு வேண்டியது 52. பாவம், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, என் பையிலிருந்த ஸ்ட்ரிங்கை வாங்கிக் கட்டிக் கொடுத்தார். முப்பது பவுண்டுக்குமேல் இயந்திரத்தின் பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது. காசும் வாங்கவில்லை.

ஸ்ட்ரிங் தளர்வாக இருந்தால் பந்து வேகமாகப் போகும், ஆனால் சொன்ன இடத்தில் விழாது. மறுநாள் நான் அடித்த முதல் ஃபோர்ஹேண்ட் பின்வேலியில் நேராகப் போய் மோதியது. முதல் செட் 6-1 என்று போனது. இரண்டாவது செட்டில் பாதி வேகத்தில் உயரமாக, குறுக்கே மட்டும் அடித்து 7-5 வரை இழுத்தேன். தோல்விதான். ஆனால் அந்த ஐந்து கேம் எனக்குப் பெரிய விஷயம். இரண்டு ராக்கெட், இரண்டுக்கும் ஒரே பவுண்டு, இரண்டும் உங்கள் வீட்டில். அகாடமி அலமாரியில் ஒன்று இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள்.

ஜூனியர் ஆட்டங்களில் பெரும்பாலும் நடுவர் நாற்காலி இருக்காது. உங்கள் பக்கக் கோட்டை நீங்களே சொல்ல வேண்டும், சந்தேகம் என்றால் பந்து உள்ளே. இதை நேர்மையாகச் செய்யாத பிள்ளைகளும் உண்டு. ஒருத்தி என் பந்து கோட்டில் பட்டபோதெல்லாம் 'அவுட்' என்று விரலை உயர்த்தினாள். வெளியே இருந்து பெற்றோர் வாய் திறக்கக் கூடாது, அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் ஆட்டத்தை நிறுத்தி, சுற்றி வரும் நடுவரைக் கூப்பிட்டேன். அவர் வலையருகே வந்து நின்றதும் கோடெல்லாம் தானாகச் சரியாகிவிட்டது! அந்த ஆட்டத்தை ஜெயித்தேன். கூப்பிட வெட்கப்பட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். சர்வ் செய்யும்முன் புள்ளியைச் சத்தமாகச் சொல்லவும் பழக்குங்கள். பாதிச் சண்டை அதில்தான் வரும்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதியத்துக்குமேல் மழை வந்தால் ஆட்டம் இரவுக்குப் போய்விடும், ஈப்போவின் மேடான் கிட் பஸ் நிலையத்திலிருந்து நம் பக்கம் வரும் பஸ் அதற்குள் நின்றுவிடும். காரில் அரை மணி நேரம்தான், ஆனால் கார் இருக்க வேண்டுமே. மழைக்காக எங்கேயும் ஒதுங்கிவிடவும் கூடாது. கோர்ட்டைத் துடைத்து முடித்ததும் பெயரைக் கூப்பிடுவார்கள், 15 நிமிடத்தில் போய் நிற்கவில்லையென்றால் எதிராளிக்கு வெற்றி.

ஐ.பி.ஐ.என். ஏற்கனவே பதிந்தாகிவிட்டது என்றால் இன்றே திறந்து, எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று கடப்பிதழை வைத்துப் பாருங்கள். என் பெயரைத் திருத்த மின்னஞ்சல் போட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த போட்டியும் ஏபியாகவே முடிந்துபோனது.