மங்கலான பகுதியில்தான் என் கண்

உறையவைத்த மாதிரியை எலக்ட்ரான் கற்றையால் படமெடுக்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து புரதத்தின் முப்பரிமாண வரைபடத்தை எடுப்பதுதான் என் அன்றாட வேலை. வரைபடம் வந்ததும் பலர் கூர்மையான நடுப்பகுதியைப் பார்ப்பார்கள். நான் ஓரத்தில் புகைபோலக் கலைந்திருக்கும் இடத்துக்குப் போவேன். அங்கேதான் புரதம் அசைகிறது.

மாதிரியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உறையவைப்பதால் ஒவ்வொரு மூலக்கூறும் தான் இருந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. லட்சக்கணக்கான துகள்களின், அதாவது தனித்தனி மூலக்கூறுகளின், படங்களைச் சராசரி எடுக்கும்போது அசையாத பகுதி தெளிகிறது, அசைந்த பகுதி கரைந்துபோகிறது. கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தையே பாருங்கள்: நம் செல்லின் மேலுள்ள ஏற்பி என்ற புரதத்தைப் பிடிக்கும் பகுதி சிலவற்றில் மேலே நிமிர்ந்தும் சிலவற்றில் கீழே மடங்கியும் இருக்கும். 2020-இல் படங்களை வடிவவாரியாக வகைபிரித்துத்தான் இதைக் கண்டார்கள்.

சரி, இரண்டு மூன்று நிலை என்றால் வகைபிரிக்கலாம். தொடர்ச்சியாக வளையும் புரதத்தை என்ன செய்வது? கிரையோடிராகன் போன்ற, தரவிலிருந்து தானே கற்கும் கணினி நரம்பு வலைப்பின்னல் முறைகள் ஒவ்வொரு படத்துக்கும் அதன் வடிவத்துக்கேற்ப ஓர் இடம் கொடுத்து, அசைவின் பாதையையே வரைய முயல்கின்றன. எனக்கு மிகப் பிடித்த முன்னேற்றம் இது. ஆனால் படங்களில் இரைச்சல் அதிகம். இல்லாத அசைவையும் முறை காட்டிவிடலாம். அதனால் பாதையின் இரு முனைகளிலும் உள்ள துகள்களைத் தனியே எடுத்து, பழைய சராசரி முறையில் வரைபடத்தை மறுபடி கட்டிப் பார்ப்பேன். அதே வடிவம் வந்தால்தான் அப்புறம் வரைபடத்துக்குள் புரதத்தின் அணுக்களைப் பொருத்தத் தொடங்குவேன்.