‘சொல்வாங்க’ காணாமல் போன இடம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஈரோட்டிலிருந்து ஒரு பெண் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். திட்டவில்லை, நிதானமாகத்தான் பேசினார். “உங்க கொல்லிமலை வீடியோவைப் பாத்துட்டுத்தாங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனோம். அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்மானம். அந்த சூப்பைக் குடிச்சா மூட்டுவலி போயிரும்னு போட்டிருந்தீங்க. அருவி பக்கத்துலதான், கொஞ்ச தூரம் நடந்தாப் போதும்னும் போட்டிருந்தீங்க. பாதிப் படியில அம்மா உக்காந்துட்டாங்க. மேல ஏத்திக் கூட்டிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க.”

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்தில் படிகள் தொடங்குகின்றன. இறங்கும்போது தெரியாது, ஏறும்போது தொடை நடுங்கும். நானே இறங்கி ஏறியவள். வீடியோவில் அந்தப் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டே பேசியும் இருக்கிறேன். ஆனால் வீடியோவுக்குக் கீழே இருந்த விவரக் குறிப்பில் ‘சிறிது தூர எளிய நடை’ என்று இருந்தது. அதை ஏஐ எழுதியது. நான் படித்துப் பார்க்காமல் போட்டேன். என் பெயரில் வெளியானது, ஆகவே அது நான் சொன்னதுதான்.

சாப்பாடு, பயணம் என்று வீடியோ போடும் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஷூட் முடிந்து வீட்டுக்கு வந்தால் நாலு மணி நேர ஃபுட்டேஜ் இருக்கும். அதை உட்கார்ந்து கேட்டு, யார் என்ன சொன்னார் என்று எழுதி, பதினோரு நிமிடத்துக்குச் சுருக்கி, சப்டைட்டில் போட்டு, தம்ப்நெயில் செய்து, விவரக் குறிப்பு எழுதி முடிக்க முன்பெல்லாம் ஒரு வாரம் போகும். ஏஐ வந்த பிறகு பேச்சை எழுத்தாக்குவதும் சப்டைட்டிலுக்கு நேரம் குறிப்பதும் ஒரு ராத்திரி வேலையாகிவிட்டது. அந்த உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இந்தத் தொழிலைச் செய்கிறவளுக்கு அது மிச்சப்படுத்திய தூக்கம் பெரியது.

அந்த மெசேஜ் வந்த இரவு தூங்கவில்லை. அசல் ஆடியோவை எடுத்துக் கேட்டேன். கொல்லிமலையில் சோளக்காடு என்ற ஊரில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்கும் ஆயா என்னிடம் சொன்னது இதுதான்: “மூட்டுவலிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க கண்ணு. எங்க மாமியா குடிச்சாங்க, நானும் குடிக்கிறேன்.” ஏஐ அதைச் சுருக்கி எழுதியது இப்படி: ‘இந்த சூப் மூட்டுவலியை முற்றிலும் குணப்படுத்தும்.’

‘ன்னு சொல்லுவாங்க’ என்பது பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்ளும் வால் இல்லை. அந்த ஒரு சொல்லில் ஆயா தன் பொறுப்பு எதுவரை என்று காட்டிவிடுகிறார். கேள்விப்பட்டது இவ்வளவு, நான் குடிப்பது இவ்வளவு, அதற்கு மேல் எனக்குத் தெரியாது. படிப்பறிவு இல்லாதவர் என்று நாம் நினைக்கும் ஒருவர், பத்திரிகைக்காரர்கள் கவனமாகச் செய்ய வேண்டிய வேலையை வாய்ப்பேச்சிலேயே செய்திருக்கிறார். சுருக்கித் தரச் சொன்னால் கருவி முதலில் வெட்டுவது அந்த மாதிரிச் சொற்களைத்தான். ‘சொல்வாங்க’, ‘போல’, ‘எங்க பக்கம்’, ‘எனக்குத் தெரிஞ்சு’. வெட்டிய பிறகு வாக்கியம் நன்றாக, அழுத்தமாக இருக்கும். அதனால்தான் கண்ணை ஏமாற்றிவிடுகிறது.

மூட்டுவலிக்காரரை மலைக்கு வரவழைத்தது ஒரு வரி. ஆயிரம் படியில் இறக்கிவிட்டது இன்னொரு வரி. இரண்டும் ஒரே குறிப்பில், அடுத்தடுத்து இருந்தன.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். குறிப்பைத் திருத்தி, எது தவறு என்று மேலேயே எழுதினேன். அப்புறம் அந்த வருடம் போட்ட எல்லா வீடியோக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க வயிறு கலங்கியது.

முதலில் அதே கொல்லிமலை வீடியோ. முடவாட்டுக்கால் என்பது பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒரு வகைப் பெரணியின் கிழங்கு. மேலே செம்பழுப்பு ரோமம் மூடியிருப்பதால் பார்க்க ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். ரோமத்தைச் சீவி, தோலெடுத்து, இடித்து, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். முழுக்கச் சைவம். ஆனால் சப்டைட்டிலில் ‘மட்டன் கால் சூப்’ என்று விழுந்திருந்தது, ஆங்கிலத்திலும் அப்படியே. புரட்டாசியில் சேலம், நாமக்கல் பக்கமிருந்து மலையேறுகிறவர்கள் கவிச்சி தொடமாட்டார்கள். அந்த மாதத்தில் ஆயாவிடம் வர வேண்டியவர்களை என் வீடியோவே ஒதுங்கிப் போகச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று இதைவிட மோசம். ஒரு கிராமத்துச் சமையல் வீடியோவில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் தாளிக்கிறார்கள். ஆங்கில சப்டைட்டில் அதைக் கொண்டைக்கடலை எண்ணெய் என்கிறது. நமக்குக் கடலை மாவு என்றால் கடலைப்பருப்பு அரைத்தது, கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை ஆட்டியது. நாம் தடுமாறுவதில்லை, ஏனென்றால் சமையலறையில் வளர்ந்திருக்கிறோம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் தாய் வெளிநாட்டில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தால்? யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நம்புகிறேன். அன்றிலிருந்து எண்ணெய், பருப்பு, கொட்டை, பால், முட்டை வரும் ஒவ்வொரு வரியையும் நானே கையால் அடிக்கிறேன்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்றும் தேடிப் படித்தேன். 2024 மார்ச்சிலிருந்து யூடியூபில், நிஜம்போலத் தோன்றும்படி மாற்றிய அல்லது உருவாக்கிய காட்சி இருந்தால் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் எழுத, சப்டைட்டில் போட ஏஐ பயன்படுத்தினால் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கவிழ்த்தது அந்த இரண்டாவது வகைதான். நம் நாட்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் விளம்பரம் செய்யும் பிரபலங்களுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. தான் பயன்படுத்தாத, அனுபவிக்காத ஒன்றைப் பரிந்துரைக்கக் கூடாது என்று அது சொல்கிறது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஓட்டல்காரர் மெனுவையும் போட்டோக்களையும் அனுப்பி, “நேர்ல வர வேணாம் மேடம், ஏஐ வெச்சு நாலு ரிவ்யூ எழுதிக் குடுத்துடுங்க” என்றார். நல்ல தொகைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன். நாக்கில் படாத குழம்பின் ருசியை ஏஐ எவ்வளவு அழகாக எழுதினாலும் அது பொய்தான்.

படங்களில் எனக்குக் குழப்பம் குறைவு. ஒருமுறை தம்ப்நெயிலுக்கு வாழையிலைச் சாப்பாடு ஒன்றை ஏஐயில் உருவாக்கிப் பார்த்தேன். சோறு பளபளவென்று இருந்தது. இலையின் நுனி சாப்பிடுபவரின் வலப்பக்கம் இருந்தது. என் மாமியார் எட்டிப் பார்த்து, “யாரு போட்ட இலை இது?” என்றார். அதோடு விட்டேன். கொல்லிமலையின் சீக்குப்பாறைக் காட்சிமுனையில் நின்றபோது பனி மூடி ஒன்றும் தெரியாமல் போன காட்சியையும் பனியாகவே வைத்தேன். மலைக்கு வருகிறவருக்கும் அதே பனி கிடைக்கலாம்.

குரல் விஷயத்தில்தான் தடுமாறினேன். ஆயாவின் பேச்சை அவர் குரலிலேயே இந்தியில் பேசவைக்க ஒரு கருவி கிடைத்தது. இந்தி பேசுகிறவர்கள் பார்த்தால் பார்வை எண்ணிக்கை எங்கேயோ போகும். டப்பிங் செய்தே வைத்துவிட்டேன், வெளியிடவில்லை. அவரிடம் காட்டாமல் போட மனம் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை பஸ் பிடித்து, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன்.

ஆயா அடுப்பை விட்டு எழாமல் போனை வாங்கினார். காதோடு வைத்துக் கேட்டார், பிறகு தள்ளி வைத்து முகத்தைப் பார்த்தார். “வாயி என்னுது. பேச்சு என்ன பேச்சு?”

“இந்திங்க ஆயா. வடக்க இருக்கறவங்களுக்கும் புரியட்டும்னு.”

இன்னொரு தடவை போடச் சொன்னார். கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

“வெலைய சரியாச் சொல்லுதா கண்ணு? கிழங்கு வெலை வேற, சூப்பு வெலை வேற. மாத்திச் சொன்னா இங்க வந்து எங்கிட்டத்தான் சண்டை போடுவாங்க.”

“எனக்கு இந்தி தெரியாதுங்க ஆயா.”

ஒன்றும் சொல்லவில்லை. போனைத் தந்துவிட்டு, நின்றிருந்த இரண்டு பேருக்கு சூப் ஊற்றினார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார்.

கீழே இறங்கும்போது வளைவுக்கு வளைவு சிக்னல் வந்து வந்து போனது. காரவள்ளி வந்து பஸ் நின்றதும் டப்பிங் ஃபைலை அழித்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டு சப்டைட்டிலை மட்டும் வைத்து, அதில் கிழங்கு விலையும் சூப் விலையும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன்.