புரொஜெக்டரில் லேப்டாப் படம் வரவில்லையா? முதலில் சுவரைப் பாருங்கள்

கேரள அரசு 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் என்று திட்டமிட்டார்கள். அதனால் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், தமிழில் பாடம் நடக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் புரொஜெக்டர் புதுச் சாமான் இல்லை. பள்ளி லேப்டாப்பில் ஓடுவது, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் தரும் உபுண்டு என்ற இயங்குதளம். ஊர் வாசகசாலைக்கோ பஞ்சாயத்து ஹாலுக்கோ பொள்ளாச்சியிலிருந்து வகுப்பெடுக்க வருபவர் கையில் பெரும்பாலும் விண்டோஸ். இரண்டிலும் படம் வராததற்கான காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். படம் வரவில்லை என்றதும் ஆளாளுக்குக் கேபிளைப் பிடுங்கிச் சொருகுவதுதான் எங்கும் நடக்கிறது. சில நேரம் அதிலேயே படம் வந்தும்விடும். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாததால் மறுநாளும் அதே பாடு.

கேபிளைத் தொடும் முன் புரொஜெக்டரின் மெனு பட்டனை அழுத்துங்கள். மெனு சுவரில் தெளிவாக விழுந்தால் விளக்கும் லென்ஸும் நன்றாக இருக்கின்றன. கோளாறு சிக்னல் வரும் வழியில் இருக்கிறது. மெனுவே விழவில்லை என்றால் லேப்டாப்பை நோண்டிப் பயனில்லை. லென்ஸ் மூடி திறந்திருக்கிறதா, ரிமோட்டில் படத்தை மறைக்கும் பிளாங்க் அல்லது ஏவி மியூட் பட்டன் அழுந்திவிட்டதா, லேம்ப் அல்லது டெம்ப் என்ற சின்ன விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் இங்கே புழுதிக்குப் பஞ்சமில்லை. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உள்ளே சூடேறி, டெம்ப் விளக்கு எரிந்து, மெஷின் தானே அணைந்துவிடும். ஃபில்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். லேம்ப் வைத்த மாடல்களை அணைத்த கையோடு மறுபடி போட்டால் எரியாது. ஆறவிட்டுத்தான் போட வேண்டும்.

மெனு வருகிறது, ஆனால் ‘நோ சிக்னல்’ என்கிறது. அடிக்கடி பார்ப்பது இதைத்தான். முதலில், எந்தத் துளையிலிருந்து படம் எடுப்பது என்று தேரும் சோர்ஸ் பட்டன். எச்டிஎம்ஐ 1-இல் கேபிளைச் சொருகிவிட்டு எச்டிஎம்ஐ 2-ஐத் தேர்ந்து வைத்திருந்தால் காலம் முழுக்க நோ சிக்னல்தான். இரு பக்கமும் திருகு வைத்த பழைய விஜிஏ கேபிள் என்றால் இன்னொரு பொறி உண்டு. பல புரொஜெக்டர்களின் பின்புறம் ஒரே மாதிரி இரண்டு விஜிஏ துளைகள் இருக்கும். ஒன்று ‘கம்ப்யூட்டர் இன்’, மற்றது ‘மானிட்டர் அவுட்’. அவுட்டில் சொருகினால் எதுவும் வராது. இருட்டில் கையால் தடவிச் சொருகாமல் டார்ச் அடித்து எழுத்தைப் படியுங்கள்.

சோர்ஸ் சரி என்றால் லேப்டாப் பக்கம் வரலாம். விண்டோஸ் விசையுடன் பி-யைச் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் வரும். வகுப்புக்கு வேண்டியது, லேப்டாப் திரையில் உள்ளதையே சுவரிலும் காட்டும் டூப்ளிகேட். உபுண்டுவிலும் பெரும்பாலும் அதே இரண்டு விசைகள்தான். அங்கே அதன் பெயர் மிரர். விசை வேலை செய்யாவிட்டால் செட்டிங்ஸுக்குள் டிஸ்பிளேஸ் பகுதிக்குப் போய் மாற்றுங்கள். சுவரில் வால்பேப்பர் மட்டும் வந்து, திறந்து வைத்த பாடம் காணாமல் போனால் அது கோளாறே அல்ல. சுவரைத் தனி இரண்டாம் திரையாக்கும் எக்ஸ்டெண்டில் இருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கண்டு கேபிளை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். வால்பேப்பர் வந்தாலே கேபிள், அதைச் சொருகும் போர்ட், புரொஜெக்டர் மூன்றும் தேறிவிட்டன என்று பொருள்.

அடுத்து, லேப்டாப்புக்குப் புரொஜெக்டர் இருப்பதே தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். உபுண்டுவில் கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையை ஓட்டினால், இணைந்த போர்ட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘கனெக்டட்’ என்று வரும். விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்ஸில் இரண்டாம் திரை வரிசையில் நிற்கும். இந்தப் பதில்தான் வழியை இரண்டாகப் பிரிக்கிறது.

தெரியவே இல்லை என்றால் கோளாறு கேபிள், ஒரு வகை சிக்னலை இன்னொன்றாக்கும் கன்வெர்ட்டர், திரையை இயக்கும் மென்பொருளான டிரைவர் மூன்றில் ஒன்றில். கேபிளைச் சொருகும்போது புரொஜெக்டர் தன் பெயர், தன்னால் காட்ட முடிந்த ரெசல்யூஷன்கள் (படத்தின் புள்ளி அளவுகள்) எல்லாம் அடங்கிய ஈடிஐடி என்ற சிறு தகவலை லேப்டாப்புக்குத் தருகிறது. விஜிஏவில் அது 12, 15-ஆம் பின்களின் வழியே போகிறது. அவை வளைந்தால் லேப்டாப்புக்கு எதிரே யார் என்று தெரியாது. 1, 2, 3-ஆம் பின்கள் சிவப்பு, பச்சை, நீலம். படம் வந்தும் சிவப்பே இல்லாமல் நீலப்பச்சையாக இருந்தால் முதல் பின்னில் குறை. 13, 14 ஒத்திசைவுக்கு. அவை போனால் படம் நிலையாக நிற்காது. மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து பின். ஒன்பதாவது மட்டும் இல்லாமலே வரும் கேபிள்கள் உண்டு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரு பக்கத் திருகுகளையும் முடுக்குங்கள். முடுக்காமல் தொங்கவிடுவதால்தான் பின்கள் வளைகின்றன.

கன்வெர்ட்டரில் பணம் வீணாவது அதிகம். எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக்; நடுவில் சிப் இல்லாமல் ஒன்று மற்றொன்றாகாது. ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ என்று மலிவாக விற்கும் வெறும் கேபிளால் பலன் இல்லை. திசையும் முக்கியம்: எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது வேறு சாமான், விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவது வேறு. கன்வெர்ட்டர் எச்டிஎம்ஐயின் 18-ஆம் பின்னில் வரும் 5 வோல்ட்டில் ஓடுகிறது. அது போதாத லேப்டாப்பில் படம் வந்து வந்து போகும். பக்கத்தில் சின்ன யுஎஸ்பி துளை உள்ள கன்வெர்ட்டரை வாங்கி அதற்குத் தனியாக மின்சாரம் கொடுங்கள். புது லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டிலும் கவனம் வேண்டும்: எல்லா டைப்-சியும் படம் தராது. டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற, படம் அனுப்பும் வசதி உள்ளது மட்டும்தான் தரும்.

டிரைவரைப் பார்க்க விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்’ என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரே போடப்படவில்லை. அந்த நிலையில் வெளித்திரையை எதிர்பார்க்க முடியாது.

லேப்டாப்புக்குத் தெரிகிறது, ஆனால் சுவரில் ஒன்றுமில்லை அல்லது படம் மின்னுகிறது என்றால் கூரைக்கு ஓடும் நீளக் கேபிளைச் சந்தேகியுங்கள். இதை ஏணி ஏறாமலே சோதிக்கலாம். 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாறும்போது, 1920×1080-க்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் பிக்சல் வேகம் வேண்டும், 1280×720-க்கு 74.25, சரிபாதி. ரெசல்யூஷனை 1280×720-க்கு இறக்கியதும் படம் நிலையாக வந்தால் குற்றவாளி கேபிள்தான். 10, 15 மீட்டருக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் தாங்குவது நிச்சயமில்லை. உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் கேபிளோ ஃபைபர் கேபிளோ போட்டால் ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை லேப்டாப் பக்கம் வர வேண்டும். திருப்பி இழுத்துக் குழாய்க்குள் புதைத்துவிட்டால் மறுபடி முழுவதும் உருவ வேண்டும். அதனால் புதைக்கும் முன் தரையில் விரித்துப் படம் ஓட்டிப் பாருங்கள்.

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று எழுத்து வந்தால் சிக்னல் வருகிறது, புரொஜெக்டரால் ஏற்க முடியவில்லை. பழைய மாடல் என்றால் 1024×768-உம் 60 ஹெர்ட்ஸும் வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை உள்ள லேப்டாப்பில் ஹெர்ட்ஸை இறக்காமல் விடுவதும் இதற்கு ஒரு காரணம். எல்லாம் வருகிறது, ஓடிடி படம் மட்டும் கறுப்பாக இருக்கிறது என்றால் அது எச்டிசிபி என்ற காப்புப் பூட்டு. விஜிஏ வழியில் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. நேரடி எச்டிஎம்ஐ ஒன்றுதான் வழி.

போர்ட்டே கருகிப்போவதும் உண்டு. எர்த்துக்கான மூன்றாம் பின் இல்லாத சார்ஜரில் இருக்கும் லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விரலில் சுருசுருக்கும். அந்தக் கசிவு, கேபிளைச் சொருகும் நொடியில் எச்டிஎம்ஐ வழியே புரொஜெக்டருக்குப் பாயலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேபிளைச் சொருகி, பிறகு சார்ஜரைப் போடுங்கள். லேப்டாப், புரொஜெக்டர் இரண்டுக்கும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து, எர்த் உள்ள பிளக்கில் மின்சாரம் எடுப்பது நல்லது. ஐப்பசி மாத மாலைகளில் இடி இறங்கும்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பவர் கார்டையும் லேப்டாப் பக்கக் கேபிள் முனையையும் உருவி வையுங்கள்.