சுடுதண்ணித் தள்ளுபடி: யாருடைய காசு?

மெல்பேர்ன் கரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால் முன்பெல்லாம் வீட்டு விலையும் பிள்ளைகளின் சோதனை மார்க்கும்தான் கதை. இப்போது ஹீற் பம்ப், அதாவது காற்றிலுள்ள சூட்டை எடுத்துத் தண்ணியைச் சூடாக்கும் மின்சார இயந்திரமும் அதற்குக் கிடைக்கும் தள்ளுபடியும். "உங்களுக்கு எவ்வளவு கழிச்சவங்கள்?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒருவர் ஆயிரம் டொலர் என்பார். இன்னொருவர் தன் கையால் ஒரு சதமும் கட்டவில்லை என்பார். மூன்றாமவர் மூவாயிரத்துக்கு மேல் கட்டியதாகச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். மூன்று பேரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நாங்கள் காஸ் சுடுதண்ணியையும் வீட்டுச் சூடாக்கியையும் மாற்றிய பிறகு எனக்கு வருகிற போன் எல்லாம் இதைப் பற்றித்தான். நைட் ஷிப்ட் முடிந்து படுத்த நேரத்திலும் வருகிறது. ஆகவே எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது முழுதாகப் பொருந்தும்.

எங்கள் வீடு 2008இல் கட்டியது. 2005இலிருந்து இங்கே புது வீடு கட்டினால் ஒன்றில் மழைத்தண்ணித் தாங்கி, இல்லாவிட்டால் சோலார் சுடுதண்ணி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. கட்டினவர் சோலாரை எடுத்திருந்தார். கூரையில் வடக்குப் பார்த்தபடி இரண்டு கண்ணாடித் தட்டு, கீழே தாங்கி, பக்கத்தில் காஸ் பூஸ்டர். (இங்கே சூரியன் வடக்கால் போகும். வந்த புதிதில் மாமி இதை ஏற்றுக்கொள்ளவே இல்லை.) தட்டுக்குள் செப்புக் குழாய் ஓடும். தாங்கியை விடக் கூரை சூடாக இருக்கிறது என்று சென்சர் சொன்னால் ஒரு சின்னப் பம்ப் தண்ணியைச் சுற்றிவிடும். வெய்யில் போதாவிட்டால் மிச்சத்தைக் காஸ் பார்த்துக்கொள்ளும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பம்ப் செத்தாலும் சுடுதண்ணி வந்துகொண்டே இருக்கும், அதுதான் வில்லங்கம். வேறு ஒரு ஒழுக்கைப் பார்க்க வந்த பிளம்பர், நல்ல வெய்யில் அடித்த பெப்ரவரி மத்தியானம், கூரையிலிருந்து இறங்கும் குழாயைச் சுற்றியிருந்த கறுப்பு உறையை விலக்கி என் கையை வைக்கச் சொன்னார். கொதிக்க வேண்டிய குழாய் சில்லென்று இருந்தது. பம்ப் எப்போது நின்றது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. சூரியன் சும்மா காய, காஸ் முழுச் சம்பளம் வாங்கியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படிப் பழைய சோலார் இருந்தால் வெய்யில் நாளில் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். உறை இல்லாத இடம் உண்மையில் கொதிக்கும், கவனம்.

இனிக் காசு. தள்ளுபடி ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மூன்று இடத்திலிருந்து வருகிறது, மூன்றையும் ஒன்றாக எடுக்கலாம்.

முதலாவது மத்திய அரசின் எஸ்டிசி சான்றிதழ். சோலார் சுடுதண்ணியோ ஹீற் பம்ப்போ மிச்சப்படுத்தப் போகிற மின்சாரத்தைக் கணக்கிட்டு, ஒரு மெகாவாட் மணிக்கு ஒரு சான்றிதழ் என்று கொடுப்பார்கள். அதை நாங்கள் பூட்டுகிற கொம்பனிக்கு எழுதிக் கொடுக்கிறோம், அவர்கள் விலையில் கழிக்கிறார்கள். ஒன்றின் விலை 40 டொலருக்குச் சற்றுக் குறைய நிற்கும். ஒவ்வொரு ஜனவரியும் எண்ணிக்கை குறையும், 2030 முடிய இல்லாமலே போகும். இரண்டாவது மாநிலத்தின் விக்டோரியன் எனர்ஜி அப்கிறேட்ஸ் திட்டம். இதுவும் சான்றிதழ்தான், ஒரு தொன் கரிவாயுவுக்கு ஒன்று. சந்தை விலை ஏறி இறங்குவதால் இன்றைக்குச் சொன்ன கழிவு அடுத்த மாதம் இருக்காது. மூன்றாவது மாநில அரசின் சோலார் விக்டோரியா அலுவலகம். இது மட்டும்தான் நேரடி மானியம்: முதல் இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சும் விலையில் பாதி, உச்சம் ஆயிரம் டொலர். உள்ளூர்த் தயாரிப்புக்குக் கூடுதலாகவும் கிடைக்கும். சொந்த வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும். வீட்டு வருமானம் வருஷத்துக்கு 2,10,000 டொலருக்குள், வீட்டின் பெறுமதி 30 இலட்சத்துக்குள், மாற்றுகிற பழைய சாமான் மூன்று வருஷமாவது பழையதாக இருக்க வேண்டும். முக்கியமாக, பூட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி எடுத்திருக்க வேண்டும். பூட்டிவிட்டுப் போய் நின்றால் ஒன்றும் கிடைக்காது.

எங்களுக்குக் கொம்பனி எழுதித் தந்த விலைக் கணக்கை (கோட்) அப்படியே தருகிறேன். 315 லீற்றர் ஹீற் பம்ப், பூட்டுக்கூலியோடு 5,600. எஸ்டிசிக்கு 750, மாநிலச் சான்றிதழுக்கு 650 போக 4,200. சோலார் விக்டோரியா ஆயிரம். கையால் கட்டியது 3,200.

கூரையில் ஏற்கெனவே தட்டு இருக்க ஏன் திரும்பவும் சோலார் சுடுதண்ணி போடவில்லை என்று அண்ணை கேட்டார். ஹீற் பம்ப் என்பது குளிர்ப்பெட்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி: வெளிக்காற்றில் உள்ள சூட்டை உறிஞ்சித் தாங்கிக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரண்ட் எடுத்து மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும். எங்கள் வீட்டில் கரண்ட் எடுக்கிற சோலார் பனல் வேறாக இருக்கிறது. அதில் மிஞ்சும் கரண்டைத் திருப்பி விற்றால் கிடைக்க வேண்டிய ஆகக் குறைந்த விலை 2025 ஜூலையில் யூனிட்டுக்கு 0.04 சதமாக இறங்கியது. நான்கு சதம் இல்லை, ஒரு சதத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! அந்தக் கரண்டைக் கம்பியில் அனுப்புவதை விடத் தாங்கியில் சூடாகச் சேர்த்து வைப்பதுதான் புத்தி. டைமரைக் காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை வைத்திருக்கிறேன். கரண்ட் பனல் இல்லாதவர்களுக்கும், நிழல் விழாத வடக்குக் கூரை உள்ளவர்களுக்கும் சோலார் சுடுதண்ணி இன்னும் நல்ல தெரிவுதான். ஆனால் பம்ப்பை யார் பார்ப்பது என்று முதலே கேட்டு வையுங்கள்.

ஒரு சதமும் கொடுக்காதவரின் கதைக்கு வருவோம். டண்டினோங்கில் எங்கள் சித்தி வீடு. ஆறு பேர். வீட்டுக்கு வந்து கதவு தட்டிய ஒரு கொம்பனி காஸ் ஹீற்றரைக் கழற்றி, 170 லீற்றர்த் தாங்கியோடு ஒரு ஹீற் பம்ப்பை "இலவசமாக" வைத்துவிட்டுப் போனது. மூன்றாவது ஆள் குளிக்கும்போது பச்சைத்தண்ணி. அது திரும்பச் சூடாக மணிக்கணக்காகும். போதாததற்கு அதன் இரைச்சல் நேரே பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குப் போகிறது. அந்தக் கொம்பனியின் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. சித்தியிடம் இருப்பது அவர் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும்தான்: சான்றிதழ் எல்லாம் அவர்களுக்கு என்று எழுதிக் கொடுத்த தாள். விக்டோரியன் எனர்ஜி அப்கிறேட்ஸ் திட்டத்தின் கீழ் போனில் விற்பதை 2024 மே மாதமும், கதவு தட்டி விற்பதை ஆகஸ்டிலும் அரசாங்கம் தடை செய்தது. சித்திக்கு அது பிந்திவிட்டது.

நான் எல்லாரிடமும் சண்டை பிடிப்பது இந்த இடத்தில்தான். "கவண்மென்ற் காசு தானே, சும்மா கிடைக்கட்டும்" என்கிறார்கள். சோலார் விக்டோரியா தருவது மட்டும்தான் கவண்மென்ற் காசு. மற்ற இரண்டு சான்றிதழையும் வாங்குகிறவர்கள் மின்சார, காஸ் கொம்பனிகள். சட்டம் அவர்களை வாங்க வைக்கிறது, அவர்கள் அந்தச் செலவை எல்லாருடைய பில்லிலும் போடுகிறார்கள். கிளேற்றனில் பிளாற் ஒன்றில் வாடகைக்கு இருந்து படிக்கிற என் மருமகளும் சித்தியின் தாங்கிக்குக் காசு கட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒரு குழாய்கூட மாற்ற உரிமை இல்லை. அந்தக் காசில் ஆறு பேருக்கு 170 லீற்றர் பூட்டினால் எனக்குக் கோபம் வராதா? தள்ளுபடியை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே எடுத்தேன். ஆனால் எடுக்கிறவர்கள் கோட்டில் தள்ளுபடிக்கு முந்திய முழு விலையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடியும்வரை சான்றிதழ்த் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வீட்டுச் சூடாக்கியைப் பற்றிச் சுருக்கமாக. கூரைக்குள் குழாய் போட்டு வீடு முழுவதும் சூடு ஊதுகிற காஸ் டக்ற்றட் ஹீற்றிங்கைக் கழற்றி, சூடும் தருகிற மூன்று ஸ்பிளிற் ஏசி போட்டோம். இதற்கு எஸ்டிசியும் இல்லை, சோலார் விக்டோரியாவும் இல்லை. மாநிலச் சான்றிதழ் மட்டும்தான், காஸ் டக்ற்றட்டை மாற்றினால் அதில் கழிவு கூட. பழைய குழாயைக் கழற்றியபோது ஓரிடத்தில் உறை கிழிந்து தொங்கியது. கூரைக்குள் இருந்த பொசங்கள் (இங்கே மரத்திலும் கூரையிலும் வாழும் சின்ன மிருகங்கள்) எத்தனை குளிர்காலம் எங்கள் செலவில் சுகமாகத் தூங்கினவோ தெரியாது. இப்போது ஆள் இருக்கிற அறையை மட்டும் சூடாக்குகிறோம்.

பென்ஷன் கார்ட் உள்ளவர்களுக்கு ஒன்று. குளிர்கால காஸ் சலுகை 17.5 வீதம், மே முதல் ஒக்டோபர் முடியும்வரை. காஸை வெட்டினால் அது போய்விடும் என்று மாமி பயந்தார். மின்சாரத்துக்கும் அதே 17.5 வீதம் இருக்கிறது, அது வருஷம் முழுவதும். ஆனால் பில் கார்ட் உள்ளவரின் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் கரண்ட் பில் இப்போது மாமியின் பெயரில் வருகிறது. ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார்.

2027 மார்ச் 1 முதல், இருக்கிற வீடுகளிலும் காஸ் சுடுதண்ணி ஹீற்றர் பழுதாகித் திருத்த முடியாமல் போனால் மின்சாரத்தில் ஓடுவதைத்தான் போட வேண்டும். அதுவரை பார்ப்போம் என்று இருப்பவர்கள், வெளியே போய்த் தாங்கியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் வருஷத்தைப் பாருங்கள். பத்து தாண்டியிருந்தால் இப்போதே இரண்டு மூன்று கோட் எடுத்து வையுங்கள். ஜூலை மாதத்து ராத்திரியில் அது உடைந்து, வீட்டில் குழந்தையும் கிழவியும் குளிரில் நிற்கும்போது சோலார் விக்டோரியாவின் அனுமதி வரும்வரை யாரும் காத்திருக்கப் போவதில்லை. பிளம்பரின் வான் வண்டியில் எது இருக்கிறதோ அதைத்தான் பூட்டுவீர்கள்.