தெர்மல் பேடும் ஹீட்சிங்கும்: அம்மாப்பேட்டையில் எழுதிய நாட்குறிப்பு

2025 ஏப்ரல் 12, சனி

கொலுசு மாதிரிகளை முப்பரிமாணத்தில் வரைந்து, சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்கு விற்பனைப் படங்களாக ஆக்கித் தருவது என் பிழைப்பு. பிளெண்டர் மென்பொருளில் ஒரு படம் முடிய நெடுநேரம் பிடிக்கும். அந்நேரம் முழுவதும் கிராஃபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும். என்னிடம் இருப்பது 2020 செப்டம்பரில் வெளியான ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி வகை. இதை மழைக்காலத்தில் ஒருவர் கைமாற்றித் தந்தார். அப்போது அறை குளிர்ச்சியாக இருந்ததால் எதுவும் தெரியவில்லை. பங்குனி வெயில் ஏறியதும் படங்கள் முடிய முன்னைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது.

இன்று பிற்பகல் அறையில் 36 டிகிரி. ஃபேனை 70 விழுக்காட்டில் நிறுத்தி வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். கோர் (கார்டின் முதன்மைச் சில்லு) 74, ஹாட்ஸ்பாட் (அச்சில்லில் மிகவும் சுடும் இடம்) 103, மெமரி (நினைவகம்) 110 என்று எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருள் காட்டியது. இந்தக் கார்டில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம் 110 டிகிரியைத் தொட்டதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தாமதத்துக்குக் காரணம் அதுதான். ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது கோருக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இடையே இருந்த 29 டிகிரி வேறுபாடு. 10 முதல் 15 வரை இருந்தால் இயல்பு என்று விட்டுவிடலாம். ஏறக்குறைய 30 என்றால், கோரின் சிலிக்கானில் ஒரு பகுதி, சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக ஹீட்சிங்கைச் சரியாகத் தொடவில்லை என்றே பொருள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கார்டைப் பிரிப்பதற்கு முன் காற்றோட்டத்தைச் சரிபார்ப்பதே முறை. எங்கள் தெருவில் தறிச்சத்தம் ஓயாது. அதனோடு சேர்ந்து நூல் தூசியும் வீட்டுக்குள் வரும். கேபினெட்டின் முன்வலையில் அது கம்பளி போலப் படிந்திருந்தது. கார்டின் அலுமினியத் தகடுகளுக்கிடையிலும் ஃபேன் இறக்கைகளின் பின்விளிம்பிலும் மெல்லிய பஞ்சுத்திரிகள் சிக்கியிருந்தன. ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதினேன். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும்.

கோர் 70-க்கு இறங்கியது, ஹாட்ஸ்பாட் 99-க்கு இறங்கியது. அதாவது இரண்டும் சேர்ந்து இறங்கின, இடைவெளி அப்படியே நின்றது. தூசி தந்த சூடு போய்விட்டது. மீதிச் சூடு தொடுபரப்பில் இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பை) மட்டும் 320 வாட்டிலிருந்து 270-க்குக் குறைத்தேன். மெமரி 104-க்கு இறங்கியது, படம் முடியும் நேரம் சற்றே கூடியது. காசு செலவில்லாத வழி இது. கார்டைப் பிரிக்க அஞ்சுகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

பிரித்தாயிற்று. ஆறிக் கிடந்த கார்டைப் பிரித்தால், கோருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே தடவிய பேஸ்ட் இறுகியிருக்கும், மற்றச் சில்லுகளுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே சூடு கடத்த வைத்த மெத்தை போன்ற தெர்மல் பேடுகள் கிழியும் என்பதால் சற்று நேரம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் கழற்றினேன். ஹீட்சிங்கை நேராகத் தூக்காமல் இலேசாகத் திருகி விடுவித்து, ஃபேன் வயர்களின் சின்னஞ்சிறு கனெக்டர்களை முதலில் எடுத்துவிட்டுத்தான் முழுவதும் பிரிக்க வேண்டும்.

உள்ளே பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. இதற்குமுன் வைத்திருந்தவர் பேடுகளை மாற்றியிருக்கிறார். மாற்றும்போது நினைவகம், மின்சாரத்தைச் சீராக்கித் தரும் மின்சுற்றுப் பகுதி என்று பாராமல் எங்கும் ஒரே 2 மி.மீ. தடிப்புள்ள, விறைப்பான பேடை ஒட்டியிருக்கிறார். கோரைச் சுற்றி பத்து நினைவகச் சில்லுகள் இருக்கின்றன. ஒரு பக்கத்துச் சில்லுகளின் மேல் இருந்த பேடுகளில் சில்லின் நாற்சதுர அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது. எதிர்ப்பக்கத்துப் பேடுகள் இரண்டில் அச்சே இல்லை, கடையில் வாங்கியபோது இருந்த வழவழப்பு அப்படியே இருந்தது. ஹீட்சிங்க் ஒருபுறம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கோரின் மேலிருந்த பேஸ்ட்டும் அதையே சொன்னது: ஒரு மூலையில் மெல்லிய படலம், எதிர்மூலையில் கனத்த திட்டு. நினைவகத்துக்கு நன்மை செய்யப் போய், தடித்த பேடுகள் கோரிலிருந்து ஹீட்சிங்கைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன. நினைவகத்துக்கும் அந்த நன்மை போய்ச் சேரவில்லை.

பழைய பேடுகளிலிருந்து சிலிக்கோன் எண்ணெய் கசிந்து போர்டில் ஒரு மினுக்கம் படர்ந்திருந்தது. அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

எவ்வளவு தடிப்புள்ள பேடு வேண்டும் என்பதைக் கண்ணால் மதிப்பிட முடியாது. கார்டின் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர், சில வேளைகளில் ஒரே பெயரில் வந்த இரு கார்டுகளுக்கிடையே கூட, அளவு மாறும். ஆகவே அளந்தே தீர வேண்டும்.

அதற்கு வேண்டியவை இரண்டும் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் இருந்தன: வார்ப்புக்கு உரு எடுக்கும் இளக்கமான மெழுகும், வெள்ளித் தகட்டை நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கும் டிஜிட்டல் வெர்னியரும். ஒவ்வொரு சில்லின் மேலும் ஒட்டாமலிருக்க மெல்லிய பாலிதீன் துண்டை விரித்து, அதன்மேல் மிளகளவு மெழுகை வைத்தேன். கோரின் மேல் பேஸ்ட்டைத் தடவி, ஹீட்சிங்கை எல்லாத் திருகுகளும் முடியும்வரை குறுக்குமறுக்காக முடுக்கிப் பிறகு பிரித்தேன். நசுங்கிய மெழுகு வில்லைகளை அளந்தபோது, நினைவகத்துக்கு மேல் 1.15 முதல் 1.25 வரையும், மின்சுற்றின் சுருள்களுக்கு மேல் 1.7-ம், போர்டின் பின்புறத்துக்கும் அதை மூடும் தகடான பேக்பிளேட்டுக்கும் இடையே 1.6-ம் வந்தன. மெழுகு பேடைப் போல எதிர்த்து நிற்காமல் வழிந்துகொடுப்பதால், ஹீட்சிங்க் கோரின் மேல் முழுமையாக அமர்ந்த நிலையின் இடைவெளியை இது காட்டிவிடுகிறது.

பட்டறை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, சூடு கடத்தணும்னா வெள்ளிதானே முதல்ல? ஒரு துண்டுத் தகடு தர்றேன், நடுவுல வெச்சுப் பாரு" என்றார். சொன்னதில் பாதி சரி. உலோகங்களில் வெள்ளிதான் வெப்பத்தை மிகுதியாகக் கடத்துகிறது. மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 429 வாட். செம்பு 400, அலுமினியம் 237. ஆனால் விறைப்பான தகடு எதுவானாலும் மேலும் கீழும் மயிரிழைக் காற்று நின்றுவிடும்; காற்றின் கடத்துதிறன் வெறும் 0.026. அதோடு, சில்லுக்குப் பக்கத்திலுள்ள நுண்ணிய உறுப்புகளை அத்தகடு தொட்டால் கார்டே போய்விடும். நம் ஊர் இரும்பாலையின் எவர்சில்வர் தகட்டைப் பற்றியும் கேட்டார். அதன் கடத்துதிறன் 16 அளவில்தான். சமையல் பாத்திரத்துக்குச் செம்பில் அடி வைப்பதே அந்தக் குறையை ஈடுகட்டத்தானே.

ஏப்ரல் 19, சனி

எந்தப் பேடு என்று முடிவு செய்ய இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விற்பனைப் பக்கங்களில் எல்லாம் 6, 12.8, 15 என்று கடத்துதிறன் எண்ணைத்தான் பெரிதாக எழுதுகிறார்கள்; விலையும் அந்த எண்ணைப் பின்தொடர்ந்தே ஏறுகிறது.

ஜிடிடிஆர்6எக்ஸ் சில்லின் பரப்பு 14-க்கு 12 மி.மீ. அதிலிருந்து 3 வாட் வெப்பம் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1.2 மி.மீ. தடிப்பில் அமர்ந்த பேடின் கடத்துதிறன் 6 என்றால், அதன் இரு முகங்களுக்கிடையே ஏற்படும் சூட்டு வேறுபாடு 3.6 டிகிரி. கடத்துதிறன் 12 என்றால் 1.8. இரட்டிப்பு எண்ணுக்கு, பெரும்பாலும் இரட்டிப்புக்கும் மேலான விலைக்கு, கிடைப்பது இரண்டு டிகிரிகூட இல்லை. இப்போது அதே இடத்தில் 0.1 மி.மீ. காற்று நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். அந்த 3 வாட் முழுவதும் அதன் வழியே போக வேண்டுமென்றால் வேறுபாடு 69 டிகிரியாகிவிடும். உண்மையில் அவ்வளவு ஏறாது. வெப்பம் போர்டின் வழியே வேறு பாதை பார்த்துக்கொள்ளும். ஆனால் அச்சுப் பதியாத அந்த இரு பேடுகளுக்குக் கீழே இருந்த சில்லுகள் ஏன் 110-ஐத் தொட்டன என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பேட்டுக்குள் வெப்பத்தைக் கடத்துவது சிலிக்கோன் அன்று. அதில் கலந்த அலுமினியம் ஆக்சைடு, போரான் நைட்ரைடு போன்ற பொடிகள்தாம் கடத்துகின்றன. எண் உயர வேண்டுமானால் பொடியைக் கூட்ட வேண்டும். பொடி கூடக் கூடப் பேடு பொதுவாக விறைத்துப் போகும். விறைத்த பேடு ஹீட்சிங்கைத் தூக்கும். ஆகவே மென்மையான, கடத்துதிறன் 6 அளவிலான பேடையே தேர்ந்தேன்: நினைவகத்துக்கு 1.5 மி.மீ., மின்சுற்றுக்கும் பின்புறத்துக்கும் 2 மி.மீ. மென்பேடு தன் தடிப்பில் கால்பங்கு வரை அமுங்கித் தரும் என்பதால் 1.2 இடைவெளிக்கு 1.5 பொருந்தும். ஊரில் விசாரித்த கடைகளில் தடிப்பு எழுதாத நீலப் பேடுதான் இருந்தது, வெளியூரிலிருந்து வரவழைக்கிறேன்.

(அலுமினியம் ஆக்சைடு என்றதும் சேர்வராயன் மலையின் பாக்சைட் நினைவுக்கு வந்தது. ஏற்காட்டில் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் அலுமினியம் எடுத்த காலம் ஒன்று உண்டு. சேலத்தை ஒட்டிய வெள்ளைக் குன்றுகளில் கிடைக்கும் மாக்னசைட்டைச் சுட்டால் வரும் மக்னீசியம் ஆக்சைடையும் வெப்பம் கடத்தும் பொடியாகப் பேடுகளில் சேர்ப்பதுண்டு. மண்ணில் சரக்கு இருக்கிறது. பேடுதான் தபாலில் வர வேண்டியிருக்கிறது.)

ஏப்ரல் 26, சனி

பேடுகள் வந்து சேர்ந்தன. கோருக்குப் பேஸ்ட் வேண்டாமென்று ஹனிவெல்லின் பிடிஎம்7950 தாளை வாங்கியிருந்தேன். சாதாரணப் பேஸ்ட் சூடாகியும் ஆறியும் சில மாதங்களில் ஓரங்களுக்கு வழிந்துவிடும். இந்தத் தாள் 45 டிகிரி அளவில் இளகி, பரப்பின் மேடுபள்ளங்களை நிரப்பிக்கொண்டு அங்கேயே நிற்கும். சிக்கல் என்னவென்றால், சேலத்துப் பிற்பகலில் அறையே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேல்தாளை உரித்தால் சரக்கும் சேர்ந்து பிய்ந்து வருகிறது. ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்தெடுத்து, கோரின் அளவுக்குக் கத்தரித்து, மறுபடி குளிரவைத்து, ஒரு மூலையிலிருந்து வெடுக்கென்று உரித்தபோது சுத்தமாக வந்தது.

திருகுகளைக் குறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்கினேன். முதலில் சில முறை சூடேற்றி ஆறவிட்ட பிறகு அளந்தவை: அறை 35, பவர் லிமிட் மீண்டும் 320 வாட், ஃபேன் அதே 70 விழுக்காடு. கோர் 66, ஹாட்ஸ்பாட் 78, மெமரி 88. இடைவெளி 29-லிருந்து 12-ஆகிவிட்டது.

ஏப்ரல் 28, திங்கள்

பேக்பிளேட் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. பின்புறப் பேடுகள் போர்டின் சூட்டை அங்கே கொண்டுவந்து சேர்ப்பதால் அது எதிர்பார்த்ததுதான். பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்த அலுமினிய ஹீட்சிங்குகளை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். வெறுமனே வைத்தபோது மெமரி ஒரு டிகிரி இறங்கியது. அதை இறக்கம் என்று சொல்வதற்கில்லை. ஹீட்சிங்க் இல்லாமல் 120 மி.மீ. ஃபேனை மட்டும் பேக்பிளேட்டைப் பார்த்து ஊதவிட்டபோது மூன்று டிகிரி இறங்கியது. இரண்டும் சேர்ந்தபோது ஐந்து. காற்று அசையாத இடத்தில் தகடுகளைப் பெருக்கிப் பயனில்லை. தகடுகளை ஃபேன் ஊதும் திசையிலேயே நீளவாட்டில் நிறுத்தவும் வேண்டும். நினைவகச் சில்லுகள் பின்பக்கத்திலும் உள்ள 3090-க்கு இது பெரிய உதவி. எல்லாச் சில்லுகளும் முன்பக்கமே உள்ள 3080-க்குச் சில்லறை உதவிதான்.

ஒட்டுவதற்கு இருபக்க டேப்பை நம்பவில்லை. இந்தச் சூட்டில் பசை இளகினால் அலுமினியத் துண்டு நழுவி மதர்போர்டில் விழும், அதுவும் கரண்ட் ஓடும்போது. மெல்லிய பேடை இடையில் வைத்து, நைலான் கட்டால் பேக்பிளேட்டின் துளைகளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். எடை கூடியதால் கார்டின் மறுமுனைக்குக் கீழே ஒரு முட்டும் கொடுத்தாயிற்று.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. அறை 38, கோர் 69, மெமரி 86. இருமுறை மின்சாரம் போனதைத் தவிர வேலைக்குத் தடையில்லை.

மே 11, ஞாயிறு, ஏற்காடு

சித்தப்பா வீட்டில் இரண்டு வாரம் இருந்து வேலை செய்யலாம் என்று மூட்டை கட்டி வந்திருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் கார்டின் எடை முழுவதையும் மதர்போர்டின் ஸ்லாட் தாங்க வேண்டாமென்று, கார்டைத் தனியே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கே அறை 25. சேலத்தைவிட 13 டிகிரி குறைவு, ஆகவே எல்லாமே 13 இறங்கும் என்று சித்தப்பா மகன் கணித்தான். கோர் 58, மெமரி 76. முறையே 11-ம் 10-ம்தான் இறங்கியிருக்கின்றன. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. உயரத்தால் காற்று எட்டில் ஒரு பங்கு வரை மெலிகிறது. குளிர்ச்சியால் அதில் ஒரு பகுதி அடர்த்தி திரும்பக் கிடைக்கிறது. அதே வேகத்தில் சுழலும் ஃபேன் இங்கே குறைந்த எடைக் காற்றைத்தான் தள்ளுகிறது. அறைச் சூட்டைக் கழித்துப் பார்த்தால் கோர் சேலத்தில் 31, இங்கே 33. யாருடைய கார்டின் எண்ணோடு ஒப்பிட்டாலும் அறைச் சூட்டைக் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும். அந்த எண்ணை எழுதாமல் "என் கார்டு 60-ல் ஓடுகிறது" என்று சொல்வதில் எதுவுமில்லை.

மே 14, புதன், ஏற்காடு

பட்டறை அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். தன் மகனின் ஆர்டிஎக்ஸ் 3060-க்கும் இதேபோல் பேடு மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். கோர் 71, ஹாட்ஸ்பாட் 83 என்று பையன் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். இடைவெளி 12, தொடுபரப்பில் குறையில்லை. அந்தக் கார்டில் இருப்பது எக்ஸ் சேராத ஜிடிடிஆர்6, சூடும் குறைவு. பிரிக்க வேண்டாம், முன்வலைத் தூசியை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள் என்றேன்.