சம்பளத்தைப் பிடித்துவிடுவோம் என்று மிரட்டினால்

கிரெடிட் கார்டு பாக்கி மூணு நாலு மாசம் நின்றுவிட்டால் ரெக்கவரி ஏஜென்ட் சொல்கிற மிரட்டல்களில் ஆட்களை அதிகம் உலுக்குவது, "உங்க ஹெச்.ஆருக்கு லெட்டர் போயிடுச்சு, அடுத்த மாசம் சம்பளம் வராது" என்பதுதான். தனியார் கம்பெனி ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை, அந்த மாதிரிக் கடிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும். ஒரு வக்கீல் பெயர், பெரிய எழுத்தில் 'இறுதி எச்சரிக்கை', கேஸ் நம்பர் போலத் தெரியும் ஏதோ ஒன்று. அதை வைத்து ஒருவர் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது. இது தெரியாமல், மானம் போய்விடுமே என்று வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கடனுக்குச் சம்பளத்தை ஜப்தி செய்ய கோர்ட் உத்தரவு வேண்டும். வங்கி சிவில் வழக்குப் போட்டு, டிக்ரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை வாங்கி, அப்புறம் அதை நிறைவேற்றித் தரச் சொல்லித் தனியாக இ.பி. எனப்படும் நிறைவேற்று மனுப் போட்டு, அதில் நீதிபதி போடும் உத்தரவு கம்பெனிக்கு வந்தால்தான் நான் பிடிக்க முடியும். ஆர்பிட்ரேஷனில், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவரிடம், தீர்ப்பு வாங்கியிருந்தாலும் நிறைவேற்றுவதற்கு கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். ஆனால் அந்த உத்தரவு வந்துவிட்டால் கம்பெனி மறுக்க முடியாது, பிடிக்காமல் சம்பளம் கொடுத்தால் அந்தப் பணத்துக்குக் கம்பெனியே பொறுப்பு.

அப்போதும் முழுச் சம்பளமும் போகாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுப்படி முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. இதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளம் 31,000 என்றால் அதிகபட்சம் 10,000 பிடிக்கலாம், 21,000 உங்கள் கைக்கு வந்தே ஆக வேண்டும். ஜீவனாம்சத்துக்குக் கணக்கு வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்தாகிவிட்டால் அதே டிக்ரிக்காக அதற்குமேல் சம்பளத்தில் கைவைக்க முடியாது. பி.எஃப். பணத்தை ஜப்தி செய்ய முடியாது, கூலித் தொழிலாளிகள், வீட்டு வேலை செய்பவர்களின் கூலியையும் அப்படித்தான். அந்த 1,000 ரூபாய், 400-ஆக இருந்து 2002-இல் உயர்த்தப்பட்டது. இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு அந்த ஆயிரம் எத்தனை நாள் தாங்கும்? அதை உயர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, கோர்ட்டே இல்லாமல் சம்பளம் போகிற வழி ஒன்று இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், கணக்கில் இருக்கும் பணத்தைப் பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையை, கார்டு வாங்கும்போது ஒப்புக்கொண்ட விதிமுறைகளிலேயே பெரும்பாலும் நாம் கொடுத்திருப்போம். சம்பளம் விழுந்த அன்றே 'லியன்' என்று காட்டும், அதாவது அந்தப் பணத்தை வங்கி முடக்கி வைத்துவிட்டது என்று அர்த்தம், ஏடிஎம்மில் பணம் வராது, வாடகை கொடுக்க வழியிருக்காது. எங்களிடம் வந்து கேட்டால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, நாங்கள் போட்டுவிட்டோம், அதற்குப்பின் அது வங்கிக்கும் உங்களுக்கும் நடுவில். கார்டு கட்ட முடியாத நிலை வருகிறது என்று தெரிந்தவுடனே வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அங்கே மாற்றச் சொல்லி ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, சம்மன். கார்டு வாங்கும்போது இருந்த வாடகை வீட்டு முகவரியை மாற்றாமலே விட்டிருப்போம், சம்மன் அங்கே போகும், நாம் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நம் தரப்பைக் கேட்காமலே, டிக்ரி ஆகிவிடும். ஜப்தி உத்தரவு ஆபீஸுக்கு வந்த பிறகுதான் வழக்கு நடந்ததே தெரிந்து முகம் வெளிறி நின்றவர்களும் உண்டு. சம்மன் முறையாக வந்து சேரவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் அங்கே இலவச உதவி உண்டு.

போன் தொல்லைக்கும் வரம்பு இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ஏஜென்ட் கூப்பிடக்கூடாது, வீட்டார், நண்பர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, இது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் தீராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குச் செலவில்லாமல் போகலாம். "ஜெயில்" என்றும் சொல்வார்கள். டிக்ரி ஆன பிறகும், கட்ட வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு ஏய்ப்பவரைத்தான் சிறைக்கு அனுப்பலாம், வெறும் இல்லாமைக்காக அனுப்பக்கூடாது என்று 1980-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இரு தரப்பையும் பேசவைத்துச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் போங்கள், நன்றாகவே பேரம் படியும். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது, அதனால் மாதாமாதம் நிஜமாகக் கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.